பதறாத குரல்

நவநீதன் ஒரு தவில் கச்சேரியைக் கேட்பதற்காகத்தான் அந்தப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான். உலகத்தைத் திருத்தும் உத்தேசமெல்லாம் அவனுக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவனைப் புரட்சிக்காரன் என்றவர்களும் உண்டு, கிறுக்கன் என்றவர்களும் உண்டு. அவன் இரண்டும் இல்லை. கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். மிச்ச நேரத்தில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அவனைப் பிடித்து ஆட்டின. இந்தப் பித்துப் பிடித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். தங்கள் காதுதான் அவர்களுக்குக் குலதெய்வம்.

செவிநலச் சட்டம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பித்து புரியாது. அதற்கு முன்பு போனில் ஒருவன் கத்தினால் கத்தலாகவே கேட்டது. அழுதால் அழுகையாகக் கேட்டது. அதனால் நெஞ்சு நோய் வருகிறது, மேடைப் பேச்சால் கலவரம் வருகிறது என்று அறிஞர்கள் கூடிப் பேசினார்கள். முடிவில், எண்களாக வரும் ஒலியைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றும் ஒவ்வொரு சில்லிலும் ஒரு பக்குவத்தைச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சொல் எதுவும் மாறாது. சொல்லின் முள் மட்டும் மழுங்கும். அலறல் முனகலாகும், ஆத்திரம் ஆலோசனையாகும். சட்டத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. ஜனங்கள் தேன் சில்லு என்றார்கள்.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் பிடித்துத்தான் இருந்தது. டி.வி. விவாதத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஆளுங்கட்சியைக் கிழிப்பது, பிள்ளைக்குப் பருப்புச்சோறு ஊட்டுவதுபோல் கேட்டது. போனில் மாமியார்கள் இனித்தார்கள். பழைய சாதனங்களோடு பேசப் புதிய போன்கள் மறுத்துவிட்டதால் பழையவை பரணுக்கும் அங்கிருந்து குப்பைக்கும் போயின. கொஞ்ச காலத்தில் அப்படி ஒரு சில்லு இருப்பதையே ஊர் மறந்துபோனது. மூக்குக் கண்ணாடி போட்டவன் கண்ணாடியையா பார்த்துக்கொண்டிருப்பான்?

நவநீதன் மட்டும் மறக்கவில்லை, காரணம் தவில். தேன் சில்லுக்குத் தவில் என்றால் கலவரம் என்று நினைப்பு. எந்த வித்வான் வாசித்தாலும் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல்தான் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பை நிறைய ரெசிஸ்டர்களைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளக்க உட்கார்ந்தான்.

"அரிசியில கல்லுப் பொறுக்கற மாதிரி என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி சௌமியா.

"கல்லுல அரிசி பொறுக்கறேன். எல்லாம் ஒரே மதிப்புன்னு போட்டிருக்கான், அளந்தா ஒவ்வொண்ணும் ஒரு தினுசா இருக்குது. அச்சா ஒத்துப்போறதை மட்டும் எடுத்து ஏணி மாதிரி கட்டோணும்."

"ஏணி எதுக்குங்க பாட்டுக் கேக்க?"

"பாட்டுங்கறது உள்ளுக்குள்ள வெறும் எண்ணுதான் கண்ணு. இந்த எண்ணுக்கு இவ்வளவு மின்சாரம்னு மாத்திக் குடுத்தாத்தான் ஸ்பீக்கர் அசையும். கடைச் சில்லு எண்ணை வாங்கி, இது கத்தல், இது அழுகைன்னு பார்த்து மழுப்பிக் குடுக்குது. இந்த ஏணிக்கு அந்தப் புத்தி கிடையாது. வந்ததை வந்த மாதிரியே குடுத்துரும்."

"அப்ப பதிவுல எதுவுமே அழியலையா?"

"கோர்ட்டுக்கு வேணும்னு பதிவுல கை வெக்கலை. கடைசிப் படியில, காதுக்குள்ள போற எடத்துலதான் தேன் தடவறாங்க."

"போலீஸ் புடிக்காதா?"

"வித்தாத்தான் குத்தம். சொந்தமாக் கட்டிக்கறதைப் பத்திச் சட்டம் மூச்சே விடலை. எவன் இத்தனை பாடுபடுவான்னு நெனச்சிருப்பாங்க."

"சரியாத்தான் நெனச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலைக்குப் போனாள்.

அவள் வேலை பக்கத்து அறையில்தான். துணைக்குரல் என்ற உதவி மையத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. வீட்டில் அடிபடுகிற, மிரட்டப்படுகிற பெண்கள் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். பேச்சைக் கேட்டுவிட்டு சௌமியா அதற்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டும். பச்சை என்றால் ஆறுதல், மஞ்சள் என்றால் மறுநாள் விசாரணை, சிவப்பு என்றால் உடனே மீட்பு வண்டி. முன்பு இயந்திரத்திடம் கேட்டுப் பார்த்தார்கள். அது முக்கால்வாசி அழைப்புகளைச் சிவப்பு என்றது. அத்தனை வண்டிக்கு எங்கே போவது? இயந்திரத்தை நிறுத்திவிட்டு மனுஷக் காதை வைத்தார்கள். அந்தக் காதிலும் தேன் சில்லு வைத்த ஹெட்செட்.

சௌமியாவுக்கு அங்கே நல்ல பெயர். பதற மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள், வண்டியை வீணாக அனுப்ப மாட்டாள். தன் வேலையைப் பற்றி அவளுக்குப் பெருமை இருந்தது. அது நியாயமான பெருமைதான்.

பெட்டி தயாரான அன்று தவில் ஒலித்தது. முதல் அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சௌமியா கரண்டியோடு ஓடிவந்து, யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று நினைத்ததாகச் சொன்னாள். நவநீதன் கண்ணில் நீர் வழியச் சிரித்தான். தோலில் கோல் விழுவதும், வித்வான் மூச்சு வாங்குவதும், முன்வரிசையில் யாரோ 'சபாஷ்' என்று அடித்தொண்டையில் கத்துவதும் கேட்டன. அன்று முழுவதும் அவன் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வாரம் சௌமியாவின் ஹெட்செட் செத்துப்போனது. மாற்று வர மறுநாள் ஆகும் என்றார்கள். பணி நேரம் தொடங்கியிருந்தது.

"உங்க பெட்டியில கொஞ்சம் மாட்டிக் குடுங்களேன். பேசறதுக்கு மேசை மைக் இருக்குது. கேக்கறதுக்கு மட்டுந்தான்."

நவநீதன் சந்தோஷமாக மாட்டிக் கொடுத்தான். தன் கைவேலையை மனைவி தானாகக் கேட்டால் எந்தப் புருஷனுக்குத்தான் பெருமை இருக்காது? அவனுக்கு அன்று விடுப்பு. பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

முதல் அழைப்பு திருப்பூரிலிருந்து இந்துஜா. சௌமியாவுக்கு அவளைத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவாள். சமையல், சீரியல், மழை வருமா வராதா என்று பேசுவாள். சௌமியா எப்போதும் பச்சை போடுவாள். தனிமை, பேச்சுத்துணை தேடுகிறாள் என்று குறிப்பும் எழுதியிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது நவநீதனிடம், "பாவம், வெட்டிப்பேச்சுக்கு ஒரு ஆளு" என்று சொல்லிச் சிரித்ததும் உண்டு.

"மேடம், நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கறனுங்க. குழம்பு வெச்சுட்டு இருக்கறேன். அவரு முன்னால ரூம்ல இருக்காருங்க. சும்மா பேசலாம்னு."

எப்போதும் சொல்கிற அதே வார்த்தைகள். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வந்தது வேறு. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே, நீரில் முங்கியவள் தலை தூக்குவதுபோல ஒரு இழுப்பு. 'அவரு' என்ற சொல்லில் குரல் உடைந்து இரண்டாகப் போனது. சௌமியா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்துஜா, உங்களை அடிச்சாராம்மா?"

"இல்லீங்க மேடம். மழை வரும்போல இருக்குதுங்க. சரி, வெச்சர்றனுங்க."

அழைப்பு அறுந்தது. கணவன் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவள் வேறு எந்த வார்த்தையைச் சொல்ல முடியும்? அவளிடம் மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான். அதை அவள் வாரா வாரம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சில்லு அதை வழித்து எறிந்துகொண்டிருந்தது.

சௌமியா மற்ற அழைப்புகளை வேறு ஆளுக்குத் திருப்பிவிட்டு, இந்துஜாவின் பழைய அழைப்புகளை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பெட்டி வழியே ஓடவிட்டாள். ஒன்றில், ரசம் வைப்பது எப்படி என்று பேசிக்கொண்டே இந்துஜா வலியில் முனகினாள். இன்னொன்றில், சௌமியா ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அவள் சிரித்ததாகத்தான் ஞாபகம். அது சிரிப்பு இல்லை. நவநீதன் போதும் என்று கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"எல்லாத்துக்கும் பச்சை போட்டிருக்கறேங்க. என் கையால. எல்லாத்துக்கும்."

"உனக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

"தெரியலைங்கறதுக்காக அவ வலி கொறைஞ்சுதா?"

நவநீதன் பதிவை நிறுத்தினான்.

மேற்பார்வையாளர் பெனடிக்டை அவள் வீட்டுக்கே வரச் சொன்னாள். போனில் சொன்னால் அவர் காதில் அதுவும் தேனாகத்தான் விழும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அந்த எண்ணத்தை இன்னும் ஓரடி நீட்டியிருந்தால் இந்தக் கதையே வேறு. அவளும் நீட்டவில்லை, அவனும் நீட்டவில்லை.

பெனடிக்ட் மத்தியானம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தூத்துக்குடிக்காரர். பதிவைக் கொஞ்சம் கேட்டதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நிப்பாட்டுங்கம்மா. எனக்கு இது புதுசு இல்ல. சில்லு வர்றதுக்கு முன்னால நான் இதே வேலையில இருந்தவன். தெனமும் இதைத்தான் கேட்டோம். என் கூட உக்காந்திருந்த பிள்ள ஒருத்தி, நல்ல பிள்ள, ஒருநாள் ஹெட்செட்டைக் கழட்டி வச்சுட்டு மாடிக்குப் போனா. எறங்கி வரல. அதுக்கப்புறம்தான் நாங்களே போய்ச் சில்லு கேட்டோம். யாரும் எங்க மேல திணிக்கல."

"அப்ப நம்ம நல்லா இருக்கறதுக்குக் கூப்பிடறவிய சாகோணுமா சார்?"

"கேக்கறதுக்கு ஆளே இல்லாமப் போனா மட்டும் அவங்க பிழைச்சிருவாங்களா? ஆயிரம் பேர் கூப்பிடுறாங்க. எல்லாத்தையும் இந்தப் பெட்டியில கேட்டா, ஒரு மாசத்துல என் செக்‌ஷன்ல ஒரு ஆள் இருக்க மாட்டான். நீங்களும் இருக்க மாட்டீங்க."

"எனக்கு ஆயிரம் பேரைப் பத்திப் பேச்சு இல்லீங்க. இந்த ஒருத்தியைக் காப்பாத்தோணும்."

பெனடிக்ட் மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு சிவப்பு போடச் சொன்னார்.

வண்டி போனது. வெள்ளைச் சட்டை போட்ட கணவன் கதவைத் திறந்து, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டானாம். இந்துஜா பின்னால் வந்து நின்று, எனக்கு ஒரு குறையும் இல்லை என்றாளாம். முகத்தில் காயம் இல்லை. விவரம் தெரிந்தவன் முகத்தில் அடிக்க மாட்டான். வீண் அழைப்பு என்று எழுதிக்கொண்டு வண்டி திரும்பியது. அதே வீட்டுக்கு இன்னொரு முறை வண்டி போக வேண்டுமென்றால் அவளே வாயால் கேட்க வேண்டும், அல்லது பெனடிக்ட் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும்.

"வண்டி வந்து போனதுக்கு அவ என்ன பாடு பட்டுட்டு இருக்கறாளோ" என்று சௌமியா அன்று சாப்பிடாமல் கிடந்தாள். நவநீதனுக்குப் பெட்டியை உடைத்துப்போட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. உடைத்தால் இந்துஜாவின் குரலைக் கேட்க இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போகும். கைவரவில்லை.

மாற்று ஹெட்செட் வந்தும் சௌமியா பெட்டியில்தான் கேட்டாள்; நவநீதனும் விடுப்பை நீட்டியிருந்தான். மூன்றாம் நாள் காலை, மணி பதினொன்று இருக்கும், இந்துஜா கூப்பிட்டாள். இந்த முறை குரல் கிசுகிசுப்பாக, நடுக்கத்தோடு வந்தது. பின்னால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.

"மேடம், அவரு வீட்டுல இல்லீங்க. பெட்ரோல் வாங்கப் போயிருக்காரு. வண்டிக்கு இல்லீங்க மேடம். கேனை எடுத்துட்டுப் போறப்ப என்னைப் பார்த்துச் சிரிச்சாருங்க."

சௌமியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பதற மாட்டாள் என்று பேரெடுத்தவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"இந்துஜா, ஓடுங்க! இப்பவே வெளீல ஓடுங்க! எதையும் எடுக்காதீங்க, செருப்புகூட வேண்டாம், தெருவுக்கு ஓடுங்க! பக்கத்து வீட்டுக்குப் போங்க! கேக்குதா? அவர் வந்துருவாரு, ஓடுங்கம்மா!"

அவள் கத்தலில் தெருவில் போன ஒருவர் நின்று ஜன்னலைப் பார்த்தார். நவநீதன் தன் போனில் பெனடிக்டைப் பிடித்து வண்டி கேட்டான். அவர் உடனே அனுமதி கொடுத்தார். ஆனால் வண்டி தூரத்தில், அவிநாசியில் இருந்தது.

ஸ்பீக்கரில் இந்துஜாவின் மூச்சு மெல்ல மெல்லச் சீராவது துல்லியமாகக் கேட்டது. பற்கள் அடித்துக்கொள்வது நின்றது. நவநீதனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பெண்ணுக்குத் தைரியம் வந்துவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தான்.

"சரிங்க மேடம்" என்றாள் இந்துஜா. "நீங்க சொன்னா சரிங்க. கிளம்பறனுங்க."

"போனை வெக்காதீங்க! ஓடுங்க! ஓடிட்டே பேசுங்க!"

"ஆகட்டுங்க மேடம்."

பீரோ திறக்கும் சத்தம் வந்தது. துணியை உதறும் சத்தம், மடித்து வைக்கும் சத்தம். குக்கர் ஒரு விசில் கொடுத்தது.

"என்னங்க பண்றா இவ?" சௌமியா நவநீதனைப் பார்த்துக் கதறினாள். மறுபடி மைக்கில், "இந்துஜா! துணி வேண்டாம்மா! உங்க கால்ல வுழுகறேன், ஓடுங்க!" தொண்டை கிழிந்து இருமினாள்.

"வந்துட்டனுங்க மேடம். ரெண்டே ரெண்டு சேலை. நீங்க பேசிட்டே இருங்க."

அந்தக் குரலில் இப்போது நடுக்கமே இல்லை. சௌமியா பேசிக்கொண்டே இருந்தாள். அடுத்த விசில் வருவதற்குள் கதவு திறந்தது. பெட்டி எதையும் மழுப்பாமல் கொடுத்தது. தரையில் எதையோ ஊற்றும் சத்தத்தைக் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்ததையும் கொடுத்தது. நவநீதன் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். அதற்குள் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிந்திருந்தது.

அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து அவளை வெளியே இழுத்தார்கள். கணவனைப் போலீஸ் பிடித்தது. இந்துஜாவைக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் சேர்த்தார்கள். உயிர் இருந்தது. எத்தனை நாளைக்கு என்று டாக்டர்கள் வாய் திறக்கவில்லை.

சௌமியாவின் மனதை ஒரே ஒரு கேள்விதான் அரித்தது. ஏன் ஓடவில்லை? உயிருக்குப் பயந்தவள், தானே கூப்பிட்டவள், அத்தனை கத்தியும் ஏன் துணி மடித்துக்கொண்டு நின்றாள்? வாழ்க்கை வெறுத்துப் போய்விட்டதா? செத்தால் போதும் என்றிருந்தாளா? சௌமியா வேலைக்குப் போகவில்லை, தூங்கவில்லை. பார்க்க அனுமதி கிடைத்த அன்று நவநீதனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டிலைச் சுற்றிக் கொசுவலை போட்டிருந்தார்கள். கண்களோடு சேர்த்து முகம் முழுக்கக் கட்டு. உதடுகளும் ஒரு காதும் மட்டும் வெளியே தெரிந்தன. நர்ஸ் குனிந்து, "உங்களைப் பார்க்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள்.

"இந்துஜா" என்றாள் சௌமியா. அதற்குமேல் முடியவில்லை. வாயில் முந்தானையை வைத்து அடக்கியும் அழுகை பீறிட்டு வந்தது. "ஏம்மா ஓடலை? நான் அத்தனை சொன்னேனே, ஏம்மா ஓடலை?"

உதடுகள் அசைந்தன. "யாருங்க நீங்க?"

"நான்தாம்மா. சௌமியா. துணைக்குரல்ல இருந்து."

"இல்லீங்க" என்றாள் இந்துஜா. "அவங்க குரல் எனக்குத் தெரியாதுங்களா? எத்தனை நாள் பேசியிருக்கறனுங்க. அவங்க இப்படிப் பதற மாட்டாங்க. அன்னைக்குக்கூட, ஓடுங்கன்னுதான் சொன்னாங்க. ஆனா கோயிலுக்குப் போயிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி, அவ்வளவு நிதானமாச் சொன்னாங்க. அதுவரைக்கும் எனக்கு உசுரே இல்லீங்க. அவங்க குரலைக் கேட்டதும் பயம் போயிருச்சு. அவங்களே பதறலைன்னா இன்னும் பொழுது இருக்குதுன்னு நெனச்சனுங்க. அரிசிகூட ரெண்டு விசில்ல வெந்துரும், அடுப்பை அமத்திட்டுப் போயிரலாம்னு."

நவநீதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று இந்துஜா கையிலிருந்த போனும் கடையில் வாங்கியதுதான். அதற்குள்ளும் ஒரு சில்லு இருந்தது. ரெசிஸ்டர் ரெசிஸ்டராக அளந்து பொறுக்கியவன், தன் காதில் என்ன விழுகிறது என்று மட்டுமே ஆயுசு முழுக்க யோசித்தவன், எதிர்முனையில் இருப்பவளுக்கு என்ன கேட்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கவில்லை. சௌமியாவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"அவங்களைப் பார்த்தாச் சொல்லுங்க" என்றாள் இந்துஜா. "அவங்க பேசிட்டே இருந்தாங்க. அதனால அவரு வந்து நின்னதுகூட எனக்குத் தெரியலை. கடைசி வரைக்கும் பயமே இல்லீங்கன்னு சொல்லுங்க. அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது."

சௌமியா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்து நிறுத்தினாள். பிறகு, மேசையில் உட்கார்ந்து ஆயிரம் பேரிடம் பேசிப் பழகிய குரலில், ஒரு நடுக்கமும் இல்லாமல், "சொல்லிடறேம்மா" என்றாள்.

கட்டுப் போட்ட முகம் அவள் பக்கம் மெல்லத் திரும்பியது.

"மேடம்! நீங்களா? எப்ப வந்தீங்க?"